பஞ்சாங்கத்தில் படிக்கும் நட்சத்திரத்தை ஆகாயத்தில் பார்ப்போம்

(நமது சங்கத்தின் அங்கத்தினர் குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். பல ஊர்களில் உள்ள அங்கத்தினர்களுக்கும் பயன்படும்படி ஊர்வாரியான விவரங்கள் சேர்க்கப்பட்டுள்ளன.)



இங்கே இருக்கும் யாரிடமாவது "உங்கள் நட்சத்திரம் என்ன?" என்று கேட்டால் ஒரு விநாடி கூட யோசிக்க மாட்டார்கள். கோவிலில் அர்ச்சனைத் தட்டை நீட்டும்போதே கோத்திரமும் நட்சத்திரமும் தானாக வாயில் வந்துவிடும். வீட்டில் உள்ள எல்லோருடைய நட்சத்திரமும், சம்பந்திகளுடைய நட்சத்திரமும் கூட நமது மாமிகளுக்கு மனப்பாடம். ஆனால் "அந்த நட்சத்திரம் ஆகாயத்தில் எங்கே இருக்கிறது, கொஞ்சம் கையைக் காட்டுங்கள்" என்று கேட்டால் சபையில் நிசப்தம் நிலவும்.

யாரையும் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. பம்பாயிலும் டெல்லியிலும் அடுக்கு மாடியில் குடியிருப்பவர்கள் ஆகாயத்தைப் பார்க்கும் சந்தர்ப்பமே குறைவு. ஆனாலும் விசேஷ நாட்களில் சங்கல்பத்தில் இன்றைய நட்சத்திரம் இன்னது என்று சொல்லிவிட்டுத்தான் காரியத்தைத் தொடங்குகிறோம். அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒரு பொருள் இருக்கிறது. அது தலைக்கு மேலே மின்னிக்கொண்டிருக்கிறது. அதை அறிமுகம் செய்து வைப்பதுதான் என்னுடைய இன்றைய வேலை. ஜாதக பலன், பொருத்தம் ஆகியவற்றைப் பற்றி நான் ஒரு வார்த்தையும் பேசப் போவதில்லை. கண்ணால் பார்க்கக்கூடியதை மட்டும் பேசுகிறேன்.

சந்திரனே வழிகாட்டி

நட்சத்திரம் பார்க்க டெலஸ்கோப் வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். முதல் ஒரு வருஷத்துக்கு அது வேண்டவே வேண்டாம். வீட்டில் இருக்கும் பஞ்சாங்கமும் மொட்டை மாடியும் போதும்.

சந்திரன் ஆகாயத்தை ஒரு சுற்று சுற்றி வர ஏறக்குறைய 27.3 நாட்கள் ஆகின்றன. அதன் பாதையை 27 சம பாகமாகப் பிரித்து, ஒவ்வொரு பாகத்துக்கும் அங்கே உள்ள நட்சத்திரத்தின் பெயரை வைத்தார்கள். 360 டிகிரியை 27ஆல் வகுத்தால் 13 டிகிரி 20 கலை வரும். சந்திரன் ஒரு நாளில் நகரும் தூரமும் கிட்டத்தட்ட அதுதான். ஆகவே பஞ்சாங்கத்தில் "இன்று ரோகிணி" என்று போட்டிருந்தால், இன்று சந்திரன் ரோகிணியின் வீட்டில் இருக்கிறது என்றுதான் அர்த்தம். மாடிக்குப் போய்ச் சந்திரனைப் பார்த்தால் பக்கத்தில் ரோகிணியும் தெரியும்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். காலையில் இருக்கும் நட்சத்திரம் மாலை வரை இருக்கும் என்று சொல்ல முடியாது. பஞ்சாங்கத்தில் எத்தனை மணி வரை என்று போட்டிருப்பார்கள். நாம் மாடிக்குப் போகும் நேரத்தில் எது நடப்போ அதைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

தூரத்தை அளக்கக் கையே கருவி. கையை முழுதாக நீட்டி முஷ்டியை மூடிக்கொண்டால், அதன் அகலம் ஆகாயத்தில் சுமார் 10 டிகிரி. சுண்டு விரலின் அகலம் சுமார் 1 டிகிரி. இன்று பார்த்த இடத்திலிருந்து நாளை அதே நேரத்தில் சந்திரன் ஒரு முஷ்டிக்குச் சற்று அதிகமாகக் கிழக்கே தள்ளியிருக்கும். குழந்தைகளை இரண்டு நாள் சேர்ந்தாற்போல் அளக்கச் சொல்லுங்கள். ஆச்சரியப்பட்டுப் போவார்கள்.

எல்லா நட்சத்திரங்களும் சந்திரனை ஒட்டியே இருக்கும் என்றும் நினைக்கக் கூடாது. கார்த்திகை, ரோகிணி, மகம், சித்திரை, கேட்டை ஆகிய ஐந்தும் சந்திரனுக்கு மிகவும் நெருக்கம். சில வருஷங்களில் சந்திரன் அவற்றை மறைத்துக்கொண்டே கடந்து போகும். 2015 முதல் 2018 வரை ரோகிணியை இப்படிப் பல முறை மறைத்தது. தட்சனுடைய பெண்கள் 27 பேரை மணந்த சந்திரன் ரோகிணியிடம் மட்டும் அதிகப் பிரியம் வைத்தான் என்ற கதை நாம் அறிந்ததே. ஆகாயத்தைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கதை இன்னும் நன்றாகப் புரியும். திருவாதிரையோ சந்திரன் பாதைக்குத் தெற்கே ஒன்றரை முஷ்டி தள்ளி இருக்கிறது. சுவாதியும் திருவோணமும் வடக்கே சுமார் மூன்று முஷ்டி தூரத்தில் இருக்கின்றன.

இன்னொரு சிரமமும் உண்டு. பௌர்ணமி வெளிச்சத்தில் மங்கலான நட்சத்திரங்கள் மறைந்துவிடும். அதற்கும் வழி இருக்கிறது. சந்திரன் காட்டிய இடத்தை மனதில் குறித்துக்கொண்டு, பதினைந்து நாள் கழித்து இருட்டான இரவில், அதே நேரத்துக்கு ஒன்றரை முஷ்டி மேற்கே தேடுங்கள். பூமி சூரியனைச் சுற்றுவதால் நட்சத்திரங்கள் தினமும் சுமார் 4 நிமிஷம் முன்னதாகவே உதிக்கின்றன. அதனால்தான் இந்த மேற்கு நகர்வு.

பண்டிகைகளே அட்டவணை

நமது மாதப் பெயர்களும் இங்கிருந்து வந்தவைதாம். சித்திரா பௌர்ணமியன்று முழுநிலவு சித்திரை நட்சத்திரத்தின் அருகே இருக்கும். வைகாசியில் விசாகம், கார்த்திகையில் கிருத்திகை, மார்கழியில் திருவாதிரை, தையில் பூசம், மாசியில் மகம், பங்குனியில் உத்திரம். ஒரு வருஷத்துப் பண்டிகைகளை வரிசையாக எழுதினால் அது ஆகாயத்தின் அட்டவணையாகிவிடும். கார்த்திகை தீபத்தன்று வாசலில் அகல் ஏற்றிவிட்டு ஒரு நிமிஷம் நிமிர்ந்து பார்த்தால், ஆறு கார்த்திகைப் பெண்களும் நிலவின் பக்கத்தில் இருப்பார்கள்.

எந்த மாதம், எங்கே பார்ப்பது?

ஆரம்பிக்க மிகச் சுலபமான காலம் தை, மாசி. இரவு 8 மணிக்குத் தென்கிழக்கில் நன்றாக உயரத்தில் மூன்று நட்சத்திரங்கள் ஒரே கோட்டில், ஒரே இடைவெளியில் தெரியும். மேலை நாட்டார் ஓரியன் என்ற வேட்டைக்காரனின் இடுப்புப் பட்டை என்று சொல்வது அதுதான். அந்த மூன்றும் கிடைத்துவிட்டால் பாதி ஆகாயம் கிடைத்த மாதிரி. பட்டைக்கு வடக்கே சிவப்பாக இருப்பது திருவாதிரை. தெற்கே வெண்ணீலமாக இருப்பது ரைஜல். வேட்டைக்காரனின் தலையில் நெருக்கமாக உள்ள மூன்று சிறு நட்சத்திரங்கள் மிருகசீரிஷம். பட்டைக் கோட்டை மேல்பக்கமாக நீட்டினால் சிவந்த ரோகிணி. இன்னும் நீட்டினால் கொத்தாகக் கார்த்திகை. அதே கோட்டைக் கீழ்ப்பக்கமாக நீட்டினால் இரவு ஆகாயத்திலேயே மிகப் பிரகாசமான நட்சத்திரமான லுப்தகம். ரைஜலிலிருந்து திருவாதிரை வழியாக ஒரு கோடு இழுத்தால் வடகிழக்கில் இரட்டையாக நிற்கும் புனர்பூசம். ஒரே இரவில் ஐந்து ஜன்ம நட்சத்திரங்கள் கைவசம் வந்துவிட்டன!

திருவாதிரையைப் பற்றி ஒரு வார்த்தை. 2019ஆம் வருஷக் கடைசியிலிருந்து 2020 பிப்ரவரி வரை அது வெறும் கண்ணுக்கே தெரியும்படி மங்கிப் போனது. உலகம் முழுவதும் விஞ்ஞானிகள் பரபரப்படைந்தார்கள். நட்சத்திரம் தானே வெளியேற்றிய பொருள் தூசியாகக் குளிர்ந்து ஒளியை மறைத்தது என்று பிறகு கண்டறிந்தார்கள். மாடியில் நின்று பார்த்த சாதாரண மனிதர்களும் அந்த மாறுதலைக் கவனிக்க முடிந்தது.

சித்திரை, வைகாசியில் வடக்கே சப்தரிஷி மண்டலம் உயர்ந்து நிற்கும். நான்கு நட்சத்திரம் சதுரமாக, மூன்று வால் மாதிரி. சதுரத்தின் முன்பக்கத்து இரண்டு நட்சத்திரங்களை இணைத்து, அந்த இடைவெளியைப் போல் ஐந்து மடங்கு வடக்கே போனால் துருவ நட்சத்திரம். வாலின் வளைவை அப்படியே நீட்டினால் ஆரஞ்சு நிறச் சுவாதி. மேலும் நீட்டினால் வெண்மையான சித்திரை. சித்திரைக்குப் பக்கத்தில் கைவிரல்களைக் குவித்தாற்போல் ஹஸ்தம். உச்சிக்கு அருகில் மகமும் உத்திரமும்.

ஆடியில் இரவு 8 மணிக்கு நேர் தெற்கே விருச்சிகம். பெயருக்கு ஏற்றபடி தேள் வடிவத்திலேயே இருக்கும் ராசி அது. முன்னால் அனுஷம், நடுவில் சிவப்பாகக் கேட்டை, வளைந்த வாலில் மூலம். அந்த வாலை அடுத்த திசையில்தான் நமது பால்வெளி மண்டலத்தின் மையமே இருக்கிறது. பம்பாய்க்காரர்கள் ஆடி மாதத்தில் மழையைத்தான் பார்க்க முடியும் என்பீர்கள். வைகாசியில் இரவு பத்தரை மணிக்குப் பாருங்கள். தென்கிழக்கில் அதே தேள் நிற்கும்.

புரட்டாசி, ஐப்பசியில் மழை விட்டதும் இரவு ஏழரைக்கு உச்சிக்கு அருகே மூன்று நட்சத்திரங்கள் ஒரு கோட்டில் இருக்கும். நடுவில் உள்ளது பிரகாசமானது. அதுதான் திருவோணம். அதற்குக் கிழக்கே சின்னஞ்சிறு வைர வடிவத்தில் அவிட்டம். வடமேற்கில் பளிச்சென்று இருப்பது அபிஜித். 27க்கு மேல் 28ஆவதாகச் சொல்லப்படுவது அது.

இடையில் பெயரில்லாத பிரகாசமான ஒன்று நின்றால் குழம்ப வேண்டாம். நிலையாக, மின்னாமல் இருந்தால் அது பெரும்பாலும் கிரகம். குருப் பெயர்ச்சி, சனிப் பெயர்ச்சி என்று கேள்விப்படுகிறோமே, அந்த குருவையும் சனியையும் வெறும் கண்ணாலேயே பார்க்கலாம். குரு ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 12 வருஷம், சனி ஏறக்குறைய 29½ வருஷம் எடுத்துக்கொள்கின்றன.

ஊருக்கு ஊர் ஆகாயம்

நமது அங்கத்தினர்கள் பல ஊர்களில் இருப்பதில் ஓர் அனுகூலம் உண்டு. துருவ நட்சத்திரம் அடிவானத்திலிருந்து எத்தனை டிகிரி உயரத்தில் இருக்கிறதோ, அதுதான் அந்த ஊரின் அட்சரேகை. சென்னையில் 13 டிகிரி, அதாவது ஒரு முஷ்டியும் கொஞ்சமும். பம்பாயில் 19, கிட்டத்தட்ட இரண்டு முஷ்டி. கல்கத்தாவில் 22½. டெல்லியில் 28½, மூன்று முஷ்டிக்குச் சற்றுக் குறைவு. சென்னையில் உள்ள தாத்தாவும் டெல்லியில் உள்ள பேரனும் ஒரே இரவில் துருவனை அளந்து டெலிபோனில் சொல்லிக்கொண்டால், பூமி உருண்டை என்பதற்கு வேறு பாடம் வேண்டாம்.

தெற்கே இதற்கு நேர்மாறு. மாசி மாதம் இரவு 9 மணிக்கு நேர் தெற்கில் அகஸ்தியர் நிற்பார். பிரகாசத்தில் லுப்தகத்துக்கு அடுத்தவர் அவர்தான். சென்னையில் 24 டிகிரி உயரம், பம்பாயில் 18, கல்கத்தாவில் 15க்குச் சற்றுக் குறைவு, டெல்லியிலோ ஒரு முஷ்டிக்கும் குறைவு. எதிர் வீட்டு மாடி மறைத்தால் தரிசனம் கிடையாது! அகஸ்தியரைத் தெற்கு திசைக்கு உரியவராக ஏன் சொன்னார்கள் என்பது டெல்லிக்காரர்களுக்கு உடனே விளங்கும்.

அருந்ததி எங்கே?

இப்போது கொஞ்சம் சங்கடமான விஷயத்துக்கு வருகிறேன். கல்யாணத்தில் மாப்பிள்ளை பெண்ணுக்கு அருந்ததி காட்டுகிறார். பெரும்பாலும் அது பட்டப்பகல். தலைக்கு மேலே மண்டபத்தின் மின்விசிறி. வாத்தியார் கை காட்ட, இருவரும் தலையை ஆட்ட, போட்டோகிராபர் படம் எடுத்துக்கொள்கிறார். கிருஹ்ய சூத்திரங்கள் இதைச் சூரியன் மறைந்து நட்சத்திரங்கள் தெரிந்த பிறகு செய்யச் சொல்கின்றன. சப்தரிஷி மண்டலத்து வாலின் நடு நட்சத்திரம் வசிஷ்டர். அவரை ஒட்டி, சுண்டு விரல் அகலத்தில் ஐந்தில் ஒரு பங்கு இடைவெளியில், மங்கலாக இருப்பவள் அருந்ததி. கூர்ந்து பார்த்தால்தான் தெரிவாள்.

அதற்கும் காலம் உண்டு. சென்னை ஆகாயத்தில் கார்த்திகை மாத மாலையில் அவள் அடிவானத்துக்குக் கீழே இருப்பாள். தை மாதத்தில் இரவு 10 மணி சுமாருக்குத்தான் உதிப்பாள். சித்திரை, வைகாசி, ஆனி மாதங்களில் முன்னிரவிலேயே நன்றாகத் தெரிவாள். ஆகையால் சடங்கை மண்டபத்தில் வழக்கம்போல் நடத்திக்கொள்ளுங்கள். ஆனால் முதல் வருஷத்துக்குள் ஏதாவது ஒரு வைகாசி இரவில் பெண்ணையும் மாப்பிள்ளையையும் மாடிக்கு அழைத்துப் போய் உண்மையான அருந்ததியைக் காட்டிவிடுங்கள். பட்டுப்புடவைச் செலவு எதுவும் இதற்குக் கிடையாது.

பார்த்தவர்கள் எழுதிய சாஸ்திரம்

கண்ணால் பார்ப்பதும் பஞ்சாங்கமும் இரண்டு வேறு உலகங்கள் அல்ல. பஞ்சாங்கம் கணிக்கும் குடும்பத்தில் பிறந்த சிந்தாமணி ரகுநாதாசாரி சென்னை வானாய்வு நிலையத்தில் பணி செய்தவர். 1867இல் ஒளி மாறும் நட்சத்திரம் ஒன்றைக் கண்டுபிடித்தார். 1874இல் சுக்கிரன் சூரியனைக் கடப்பதைப் பொதுமக்களுக்கு விளக்கிச் சிறு நூல் வெளியிட்டார். ஆகாயத்தில் கண்டதோடு கணக்கு ஒத்துப்போக வேண்டும் என்று திருக்கணிதப் பஞ்சாங்கத்துக்காக வாதாடினார். ஒரிஸ்ஸாவில் சந்திரசேகர சாமந்தர் மூங்கிலால் செய்த கருவிகளை வைத்துக்கொண்டு அளந்தே சித்தாந்த தர்ப்பணம் என்ற நூலை எழுதினார். அது 1899இல் அச்சாயிற்று.

இவர்கள் பண்டிதர்கள், நமக்கு ஆபீஸ் வேலை என்று சொல்லாதீர்கள். ஜெஸ்ஸூரில் அரசுக் கருவூலத்தில் குமாஸ்தாவாக இருந்த ராதா கோவிந்த சந்திரர், வேலை முடிந்து வீடு திரும்பிய பிறகுதான் ஆகாயத்தைப் பார்த்தார். ஒளி மாறும் நட்சத்திரங்களைப் பற்றி அவர் குறித்து அனுப்பியவை 37,000க்கும் மேல். அவருடைய உழைப்பைக் கண்டு அமெரிக்கச் சங்கம் ஒன்று டெலஸ்கோப்பையே இரவல் கொடுத்தது.

இப்போது செய்ய வேண்டியது

ஒரு கவலையையும் சொல்லத்தான் வேண்டும். நகர வெளிச்சம் வருஷத்துக்கு வருஷம் அதிகமாகிக்கொண்டே வருகிறது. அவிட்டம், சதயம், ஆயில்யம் போன்ற மங்கலான நட்சத்திரங்கள் பெரிய நகரங்களில் ஏற்கெனவே மறைந்துவிட்டன. பார்க்கத் தெரிந்த பெரியவர்களும் குறைந்துகொண்டே வருகிறார்கள். இருள் காக்கப்பட வேண்டிய சொத்து என்று கருதித்தான் 2022இல் லடாக்கின் ஹான்லே பகுதி இருள் வானக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. எல்லோரும் லடாக் போக முடியாது. ஆனால் நமது குடியிருப்பின் மாடி விளக்குக்கு ஒரு மூடி போட்டு, வெளிச்சம் கீழே மட்டும் விழும்படி செய்யச் சொல்லலாம். அதற்குச் சொஸைட்டி கமிட்டியில் ஒருவர் வாய் திறந்தால் போதும்.

மாடிக்குப் போனால் இருபது நிமிஷம் கண்ணை இருட்டுக்குப் பழக்குங்கள். அதற்குள் மொபைலைப் பார்த்தால் பழகியதெல்லாம் வீண். டார்ச்சுக்குச் சிவப்புக் காகிதம் கட்டிக்கொள்ளுங்கள். ஆசை வளர்ந்த பிறகு ஒரு பைனாகுலர் வாங்கலாம். கார்த்திகைக் கொத்தில் ஆறுக்குப் பதில் டஜன் கணக்கில் தெரியும். பம்பாய், டெல்லி, கல்கத்தா, பெங்களூர், ஹைதராபாத், சென்னை எல்லா ஊர்களிலும் கோளரங்கம் இருக்கிறது. புனேயில் 1944 முதல் ஜோதிர்வித்யா பரிசம்ஸ்தா என்ற அமைப்பு நடந்து வருகிறது. விடியற்காலை எழுபவர்களுக்கு இன்னும் சௌகரியம். காலை சந்தியை நட்சத்திரங்கள் இருக்கும்போதே தொடங்குவது உத்தமம் என்றுதானே பெரியவர்கள் வைத்தார்கள்? பௌர்ணமிக்குப் பிந்திய பதினைந்து நாட்களின் சந்திரனும் அப்போதுதான் கிடைக்கும்.

கடைசியாக, குழந்தைகளுக்கு ஒரு விளையாட்டு. நட்சத்திரத்தின் ஒளி நம்மை வந்து சேர வருஷக்கணக்கில் ஆகிறது. லுப்தகத்திலிருந்து சுமார் 8½ வருஷம். உபநயன வயதுப் பையன் இன்று பார்க்கும் அந்த ஒளி அவன் பிறந்த சமயத்தில் புறப்பட்டது. அபிஜித்துக்கு 25 வருஷம். கல்யாண வயதில் இருப்பவர்கள் பார்க்க வேண்டியது. சுவாதிக்கு 37, ரோகிணிக்கு சுமார் 65. மகத்துக்கு சுமார் 79. சதாபிஷேகம் காணும் தாத்தா பாட்டிக்கு அதைக் காட்டுங்கள். அவர்கள் தொட்டிலில் இருந்தபோது கிளம்பிய ஒளி இன்றுதான் அவர்கள் கண்ணில் வந்து விழுகிறது.

சதாபிஷேகத்தை ஆயிரம் பிறை கண்ட விசேஷம் என்கிறோம். கணக்குப் பார்த்தால் எண்பது வருஷமும் எட்டு மாதமும் ஆகும்போது ஏறக்குறைய ஆயிரம் பௌர்ணமிகள் வந்து போயிருக்கும். அவை வந்து போனது உண்மை. அவற்றில் எத்தனையை நாம் நின்று பார்த்தோம் என்பதுதான் கேள்வி. கணக்கை இன்றிலிருந்து தொடங்கினாலும் தவறில்லை. இன்று வீட்டுக்குப் போனதும் பஞ்சாங்கத்தில் ராத்திரி நட்சத்திரம் என்ன என்று பாருங்கள். பேரன் பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு மாடிக்குப் போங்கள்.